பொருள்: நான் – தொடர்பாக

"பொருள்" என்று எழுதி இரண்டு புள்ளி வைத்து, "நான் – தொடர்பாக" என்று முடித்து, அடியில் அளவுகோல் வைத்துக் கோடும் கிழித்தாயிற்று. அதற்கு மேல் பேனா நகர மாட்டேன் என்றது.

"என்னங்க, எழுதிட்டீங்களா?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"நடவடிக்கையில இருக்கு" என்றார் மேற்படியார்.

மேற்படியார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. நகரக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவுக்குக் கண்காணிப்பாளர் அவர். "மேற்படி" என்ற சொல் இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம் நிற்காது. கல்யாணமான புதிதில் நண்பர் ஒருவரிடம் "மேற்படி அம்மாள்தான் என் மனைவி" என்று அறிமுகம் செய்துவைத்தவர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊரே எழுதிப் போட்டாலும், "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி பதில் போவது அவர் பொறுப்பு. அந்தப் பதிலையும் அவர் எழுதுவதில்லை. குமாஸ்தா வரைவு போடுவார், இவர் ஒரு சொல்லைத் திருத்துவார், கையெழுத்துப் போடுவார். அலுவலகத்தில் எல்லாம் அப்படித்தான் நடக்கிறது, ஊரும் எப்படியோ தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிப்பட்டவர் காலங்காத்தாலே நாட்குறிப்பு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், மனைவியின் அக்கா வீட்டு மாடி அறை.

அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். அவள் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாயிற்று. வாடகைக்குக் கேட்டு ஆள் வந்தும் அவள் விடவில்லை. "நீ வந்துடுடி. உன் மகளும் வேலைக்குன்னு வெளியூர் போயாச்சு. அந்த மனுஷன்கூடப் பேசறதும் சுவத்துகூடப் பேசறதும் ஒண்ணுதான். சுவராவது பரிசீலிக்கிறேன்னு சொல்லாது" என்று தங்கையிடம் போனில் சொல்லிவிட்டாள். தங்கைக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் ஒரு கடைசி முயற்சி செய்து பார்க்கலாமே என்று கணவரைக் குடும்பநல ஆலோசகரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

ஆலோசகர் இளம்பெண். மகள் வயதுதான் இருக்கும். எடுத்த எடுப்பிலேயே மனைவியைப் பார்த்து, "உங்க கணவர் எப்படிப்பட்டவர்னு சொல்லுங்க" என்றார்.

"அது தெரிஞ்சா உங்ககிட்ட ஏங்க வர்றேன்?"

ஆலோசகர் இவர் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

மேற்படியார் நன்றாக யோசித்தார். "குறிப்பா ஆட்சேபணை எதுவும் இல்லை."

"ஆட்சேபணை இல்லைங்கறது வேற சார். பிடிக்கிறது எது?"

"மேற்படி விஷயத்தில வீட்டுல என்ன முடிவு எடுக்கறாங்களோ அதுக்கு நான் கட்டுப்படறேன்."

மனைவி ஆலோசகரை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்தீங்களா என்று வாயைத் திறந்து கேட்காததுதான் பாக்கி.

"தினம் ஒரு பக்கம் எழுதுங்க சார்" என்றார் ஆலோசகர். "மனசுல என்ன தோணுதோ அதை. எழுத எழுத நீங்க யாருன்னு உங்களுக்கே பிடிபடும். ஆனா விடக் கூடாது, பழக்கமாகணும். மாசக் கடைசியில மறுபடி வாங்க, பேசலாம்."

"நான் படிக்கலாமா?" என்றாள் மனைவி.

"சார் சம்மதிச்சா."

"ஆட்சேபணை இல்லை" என்றார் சார்.

தெருவுக்கு வந்ததும் மனைவி நின்றாள். "மாசக் கடைசி வரைக்கும் அக்காவைப் பொறுத்துக்கச் சொல்றேன். அந்த நோட்டுல ஒரு மனுஷன் இருக்கணும். இல்லேன்னா நான் மாடிக்குப் போயிடுவேன்."

அவள் இல்லாத வீட்டை மேற்படியாரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவள்மேல் அவருக்குப் பிரியம் இருந்தது. கொஞ்சநஞ்சம் அல்ல, நிறையவே இருந்தது. அது எங்கேயும் பதிவாகாமல் கிடந்தது, அவ்வளவுதான்.

ஆகவே அன்று காலை பேனாவை உதறி, நெற்றியைத் தேய்த்து, ஒரு பக்கத்தை முடித்துவிட்டார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள்.

"பொருள்: நான் – தொடர்பாக. மேற்படி நபர் காலையில் எழுந்தார். பல் துலக்கினார். மனநிலை குறித்துக் குறிப்பிடும்படியாக ஏதுமில்லை. தகவலுக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது. நகல்: மனைவி."

"மேற்படி நபர் யாருங்க?"

"நான்தான்."

"பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறதுன்னு போட்டிருக்கே, யாருக்குச் சமர்ப்பிக்கறீங்க?"

"எனக்குத்தான். உங்களுக்கே பிடிபடும்னுதானே அந்தப் பொண்ணு சொல்லிச்சு?"

மனைவி நோட்டை மூடி மேசையில் வைத்தாள். "அக்கா மாடி அறைக்கு வெள்ளையடிக்கறாளாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அலுவலகத்துக்கு வந்ததும் மேற்படியார் முதல் வேலையாக அரைப்புள்ளியைக் கூப்பிட்டார். அரைப்புள்ளி என்பது வரைவு போடும் குமாஸ்தா. எந்த வாக்கியத்தையும் முடிக்க மனசு வராமல் அரைப்புள்ளி வைத்து வைத்து இழுப்பார் என்பதால் அந்தப் பெயர். ஆனால் பிரிவிலேயே தமிழ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"ஒரு வரைவு போடணும்ப்பா. அவசரம்."

"என்ன பொருள் சார்?"

"என்னைப் பத்தி."

அரைப்புள்ளி கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "யாராவது புகார் குடுத்திருக்காங்களா சார்?"

"வீட்டுலப்பா." மேற்படியார் விஷயத்தைச் சொன்னார். மாடி அறை, வெள்ளையடிப்பு எதையும் விடவில்லை.

அரைப்புள்ளி காதைச் சொறிந்தார். "அப்ப உங்க மனசுல என்ன இருக்குன்னு நீங்க சொன்னீங்கன்னா..."

"அதை நீதான்ப்பா போடணும். சொல்லத் தெரிஞ்சா நானே எழுதிட மாட்டேனா? நீ போடு. தப்பா இருந்தா நான் திருத்தறேன்."

"உங்க மனசை நான் எப்படி சார் எழுதறது?"

"ஏன், ஒவ்வொரு தெருவுக்கும் போய்க் குழாயைத் திறந்து பார்த்துட்டா பதில் எழுதறே? எழுதறேல்ல? அது மாதிரிதான்."

"விவரம் சேகரிக்கணுமே சார்."

"நல்லா சேகரிச்சுக்கோ. என்னை மட்டும் கேட்காதே."

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கோப்பு வந்தது. மேலே "ஒப்புதலுக்காக" என்று சீட்டு. உள்ளே ஒரே ஒரு தாள்.

"இன்று காலை நான் கிளம்பும்போது அவள் வாசலில் நின்றாள்; நான் திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்தால் ஏதாவது பேச வேண்டியிருக்குமே என்ற பயம்; தெருமுனை திரும்பிய பிறகுதான், பார்த்திருக்கலாமே என்று தோன்றியது."

மேற்படியார் திரும்பத் திரும்பப் படித்தார். காலையில் நடந்தது அப்படியே இருந்தது. தெருமுனையில் அப்படித் தோன்றியதா என்று நினைவில்லை. ஆனால் எழுதியிருப்பதைப் பார்த்தால் தோன்றியிருக்கும் போலத்தான் இருந்தது.

"வாசல்ல நின்னது உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"எல்லார் வீட்டுலயும் வாசல் இருக்கே சார்" என்றார் அரைப்புள்ளி, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

வரைவைத் திருத்தாமல் அனுப்பினால் மேலதிகாரி என்று எதற்கு இருக்கிறோம் என்று ஆகிவிடும். மேற்படியார் பென்சிலை எடுத்து "பார்க்கவில்லை" என்பதை அடித்து "பார்க்க இயலவில்லை" என்று போட்டார். ஓரத்தில் கையெழுத்திட்டார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தன் கையால் சுத்தப் பிரதி எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி அதைப் படிக்கும்போது அவர் எதிர் நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். படித்து முடித்தவள் கையிலிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அழாதேம்மா" என்றார் மேற்படியார். அவர் சொல்லுக்கு ஒருத்தி அழுவது இதுதான் முதல் தடவை. உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தார்.

துண்டை எடுக்காமலே அவள் கேட்டாள்: "இந்த 'இயலவில்லை'ங்கறது... இது உங்க சொந்தச் சொல்லுதானே?"

"ஆமா, அது மட்டும்..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆமா. எல்லாமே."

மறுநாளும் ஒரு தாள் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் மேற்படியாருக்கு நன்றாகவே படிந்துவிட்டது. அரைப்புள்ளி எழுதினார், இவர் பழகினார்.

வினை தணிக்கை வாரத்தில் வந்தது. தணிக்கைக்காரர்கள் பிரிவில் கூடாரம் போட்டிருந்தார்கள். கோப்புகள் கழுத்து வரைக்கும் இருந்தன. அந்த அமளியில் வந்த தாளை மேற்படியார் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். பிரதி எடுக்கும்போதும் தணிக்கைக்காரர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே கை தன்பாட்டுக்கு எழுதிற்று. அரசு நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் கைக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

வீட்டில் மனைவி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "என்கிட்ட ஏங்க இத்தனை வருஷம் சொல்லலை?"

"எதை?"

"வீட்டுத் துணியை நானே துவைத்து உலர்த்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஏக்கம்; சோப்பு நுரையில் எனக்கு இனம்புரியாத அமைதி உண்டு; நாளை முதல் அதைச் செய்வேன்" என்று அவள் வாசித்தாள். "உங்க அமைதியை எல்லாம் இத்தனை வருஷம் நானே எடுத்துக்கிட்டேனே! பாவிங்க நான்!"

"அது வந்து... ஒரு கருத்துதான்..."

"கருத்தா? நாளை முதல்னு இருக்கே. கையெழுத்தும் போட்டிருக்கீங்களே!"

போட்டுத்தான் இருந்தார். அலுவலகப் பழக்கத்தில் நோட்டிலும் ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலும் கையெழுத்துப் போட்டு வந்தார். தான் கையெழுத்திட்ட உத்தரவை வேலையில் சேர்ந்த நாள் முதல் ஒருதரம்கூட அவர் ரத்து செய்ததில்லை. அதில் அவருக்குக் கர்வமே உண்டு. மறுநாள் காலை அவர் குளியலறையில் முழங்கால் வரை நனைந்து, அமைதியைத் தேடிக்கொண்டிருந்தார்.

நேராக அலுவலகத்துக்குப் போய் அரைப்புள்ளியின் மேல் பாய்ந்தார். "யாரைக் கேட்டுய்யா எழுதினே?"

"உள்மனசு சார்."

"என் உள்மனசுக்குத் துணி துவைக்கணும்னு ஆசையா?"

"தப்பா இருந்தா திருத்தறேன்னீங்க. நீங்க திருத்தலை. அதனால சரின்னு நினைச்சேன் சார்."

"சரி, போகட்டும். துணி விஷயத்தில் மனசு மாறிடுச்சுன்னு இன்னைக்கு ஒண்ணு போடு. பக்குவமா போடு. அவ மனசு நோகக் கூடாது."

வரைவு பக்குவமாகவே வந்தது. "துவைப்பதில் கிடைத்த அமைதி நிறைவு பெற்றுவிட்டது; வாரம் இருமுறைக்கு மேல் அது தேவைப்படாது" என்று இருந்தது. மேற்படியார் நிம்மதியாக மூச்சுவிட்டுக் கையெழுத்திட்டார். பின்பக்கத்திலும் எழுத்து இருந்ததை, பிரதி எடுத்துப் பாதியில்தான் கவனித்தார். "மற்ற நாட்களில் பாத்திரம் தேய்ப்பதே எனக்கு ஏற்றது; பாத்திரத்தில் என் முகம் தெரியும்போது, நான் யார் என்பது கொஞ்சம் விளங்குகிறது."

அடித்து எழுதலாம் என்றால் மனைவி, அடித்த இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பாள். அதோடு, அந்தக் கடைசி வரி அவருக்கே பிடித்துப் போய்விட்டது. பிரதி எடுத்துவிட்டார்.

ஒரு நாள் ரோஷம் வந்து, தாமே பொருள் கொடுத்தார். "எனக்கு சாயங்காலம் தனியா உட்கார்ந்து டிவி பார்க்கறதுதான் பிடிக்கும். இதை எழுது. வேற எதையும் சேர்க்காதே."

அரைப்புள்ளி சேர்க்காமல் இருப்பாரா? "சாயங்காலம் தனியாக டிவி பார்ப்பது எனக்குப் பிடிக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்; அது உண்மை அல்ல; பக்கத்து நாற்காலியில் அவள் வந்து உட்கார மாட்டாளா என்று பார்த்துக்கொண்டேதான் சேனலை மாற்றிக்கொண்டிருந்தேன்; கூப்பிட எனக்கு வாய் வரவில்லை."

பென்சில் கையிலேயே நின்றுவிட்டது. இதில் திருத்த ஒன்றும் இல்லை. இது நிஜம். இப்படி ஒரு நிஜம் தனக்குள் இருந்ததும், அதை வரைவு போடும் குமாஸ்தா கண்டுபிடித்துவிட்டதும் அவரை உலுக்கிவிட்டன. அன்று சாயங்காலம் டிவியைப் போட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியைத் துண்டால் தட்டி, "இப்படி வந்து உக்காரேன்" என்றார். அவள் வந்து உட்கார்ந்தாள். என்ன நிகழ்ச்சி ஓடியது என்று இருவருக்கும் தெரியாது.

அதிலிருந்து அவர் காலையில் அலுவலகத்துக்கு ஓட ஆரம்பித்தார். சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்து, பையை வைப்பதற்கு முன்னால் கேட்பார்: "இன்னைக்கு நான் எப்படிப்பா இருக்கேன்?"

"இன்னும் விவரம் வரலை சார்" என்பார் அரைப்புள்ளி.

தாள் வரும்வரைக்கும் இருப்புக் கொள்ளாது. தான் கோபக்காரன் இல்லை, பயந்தவன் என்று ஒருநாள் தெரிந்துகொண்டார். தனக்குப் பாட்டு பிடிக்கும் என்று இன்னொரு நாள் தெரிந்தது. அன்று பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுத்துப் பார்த்தார், பிடிக்கத்தான் செய்தது. மனைவியின் அக்காவின் மேல் தனக்கு ஆழ்ந்த மரியாதை இருப்பதாக ஒரு வெள்ளிக்கிழமை வரைவு வந்தபோது மட்டும் சற்றுத் திடுக்கிட்டார். ஆனாலும் கையெழுத்துக் கையெழுத்துதான். அக்காவுக்குப் போன் போட்டு, "உங்கமேல எனக்கு எப்பவும் மரியாதை உண்டுங்க, சொல்லத்தான் தெரியலை" என்றார். உடனே அக்கா தங்கையைக் கூப்பிட்டு, "ஏண்டி, டாக்டர் ஏதாவது சொன்னாரா? என்கிட்ட மறைக்காதே" என்று அழுதுவிட்டாள்.

மாசக் கடைசி நெருங்கியது. ஆலோசகரிடம் போக இரண்டே நாள் இருக்கும்போது அரைப்புள்ளி ஓர் உறையோடு வந்து நின்றார்.

"நாளையிலேர்ந்து வர மாட்டேன் சார். மாற்றல் ஆயிடுச்சு. கிளை அலுவலகத்துக்கு."

மேற்படியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "யார் போட்டது? எந்த முட்டாள் போட்டது? என்னைக் கேட்காம எப்படிப் போடலாம்?"

அரைப்புள்ளி உத்தரவின் நகலைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில், "பரிந்துரைக்கப்படுகிறது" என்பதற்குக் கீழே, அழகான ஒரு கையெழுத்து. மேற்படியாருடையது. தணிக்கை வாரத்துத் தேதி.

"ரத்து பண்ணிடலாம்ப்பா."

"கையெழுத்துப் போட்டுட்டீங்களே சார்" என்றார் அரைப்புள்ளி. கிளை அலுவலகம் அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. அவருக்கு அதில் ஒன்றும் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. "கவலைப்படாதீங்க. புதுசா வர்ற அம்மாகிட்ட எல்லாப் பொறுப்பையும் ஒப்படைச்சுட்டேன். உங்களையும் சேர்த்துத்தான்."

புதுசாக வந்த அம்மாள் கட்டணப் பிரிவிலிருந்து வந்தவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். எதிலும் ஓர் அவசரமில்லாத பெண்மணி. அவரிடம் போய் "என் மனசை எழுதிக் குடுங்கம்மா" என்று கேட்க மேற்படியாருக்குக் கூச்சமாக இருந்தது. அன்று நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. சாயங்காலம் மனைவி நோட்டைத் திறந்து, வெற்றுப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடினாள்.

மறுநாள் ஆலோசகரிடம் போகும் நாள். காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது அவர் பேனாவும் கையுமாக உட்கார்ந்தார். அரைப்புள்ளி மாதிரியே எழுதிப் பார்த்தார். "வானம்; மேகம்; நான்;" என்று வந்தது. அதற்கு மேல் மூன்று பேருக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. தாளைக் கிழித்தார். "பொருள்" என்று ஆரம்பித்தார். அதையும் கிழித்தார்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இவள் போய்விட்டால் இந்தச் சத்தம் இருக்காது என்று தோன்றியது. யாரும் வரைவு போட்டுக் கொடுக்காமல் தானாகவே தோன்றியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேனாவை எடுத்து, நிறுத்தாமல் எழுதினார்.

"முதல் பக்கம் போக, இந்த நோட்டில் இருப்பது எதுவும் நான் எழுதியது இல்லை. குமாஸ்தா எழுதினார், நான் பார்த்து எழுதினேன். 'இயலவில்லை' என்பது மட்டும் என்னுடையது. உன்னை ஏமாற்றிவிட்டேன். ஆனால் துணி உலர்த்தும்போது நீ பக்கத்தில் நின்று ஒவ்வொரு கிளிப்பாக எடுத்துக் கொடுத்தாயே, அது எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. என்ன பிடிக்கும் என்று அந்தப் பெண் கேட்டாள் அல்லவா, அதுதான் பிடிக்கும். நீ மாடிக்குப் போகாதே."

நோட்டை மேசைமேல் திறந்தபடி வைத்தார். கையெழுத்துப் போடக்கூட மறந்துவிட்டது. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டமாக வெளியே வந்துவிட்டார்.

அலுவலகத்தில் அவருக்கு நிலைகொள்ளவில்லை. கோப்பைத் திறந்தார், மூடினார். தலைகீழாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். இந்நேரம் படித்திருப்பாள். படித்துவிட்டு என்ன செய்வாள்? பொறுக்க முடியாமல் வீட்டுக்குப் போன் போட்டார். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்லிற்று. சிறிது பொறுத்து மறுபடி போட்டார். அப்போதும் அதுவேதான். அக்காவிடம் பேசுகிறாள். வேறு யாரிடம் பேசப்போகிறாள்? எந்த ரயில், எத்தனை மணிக்கு என்று பேசிக்கொண்டிருப்பாள். முடிந்தது கதை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புது அம்மாள் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு எவரோ சொன்ன புகாரை எழுதிக்கொண்டிருந்தார். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லையோ, அந்த மனுஷி கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அம்மாள் "ம், ம்" என்று தலையாட்டி எழுதுவது மாத்திரம் நிற்கவில்லை. ஊர்க் குழாய்க்கெல்லாம் அழ ஆள் இருக்கிறது, நமக்குத்தான் யாரும் இல்லை என்று மேற்படியார் தன்னிரக்கத்தில் மூழ்கினார்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. புது அம்மாள் ஒரு கோப்பை மேசையில் வைத்தார். மேலே "ஒப்புதலுக்காக" என்ற சீட்டு. உள்ளே ஒரே ஒரு தாள்.

"இதெல்லாம் இனிமே வேண்டாம்மா" என்றார் மேற்படியார் சோர்ந்துபோய். "அவர் இருந்தபோது ஏதோ..."

சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் திறந்துவிட்டார்.

"இன்று காலை முதல்முறையாக என் மனசை நானே எழுதினேன். எழுதிவிட்டுப் பயந்துபோய், சாப்பிடக்கூடச் செய்யாமல் ஓடி வந்துவிட்டேன். அவள் படித்தாள். இந்தத் தடவை நிஜமாகவே அழுதாள். அக்காவைக் கூப்பிட்டு, மாடி அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு என்று சொல்லிவிட்டாள். நான் மத்தியானம் லீவு போட்டுவிட்டு..."

அதற்கு மேல் இரண்டு மூன்று சொல் விட்டுப்போயிருந்தது. அரைப்புள்ளி ஒன்றுகூட இல்லை. கையெழுத்து வேறு, ஆள் வேறு. உள்ளே இருந்த மனசு மட்டும் இந்த மாதம் முழுக்க அவர் பார்த்துப் பார்த்து எழுதிய அதே மனசு.

மேற்படியார் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "ஏம்மா... நேத்துத்தான் வந்தீங்க. இவ்வளவு சரியா எப்படிம்மா எழுதினீங்க?"

புது அம்மாள் நெற்றியிலிருந்த கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடித்துக் கண்ணுக்கு இறக்கி, தாளை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"எங்க சார் சரியா எழுதினேன், பாதி விட்டுப்போச்சு, நாளையிலேர்ந்து உங்க வீட்டம்மாவைப் போன்ல கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்லுங்க, பழையவருக்கு அவங்க வேகம் பழகிப்போச்சு, எனக்கு இன்னும் பழகலை."